முப்பது நொடி மௌனத்துக்குப் பிறகு: சான்ஸ் த ராப்பரின் 'ஆசிட் ராப்'

கேள்வி இதுதான்: சிகாகோக்காரர் சான்ஸ் த ராப்பர் 2013இல் இலவசமாக விட்ட 'ஆசிட் ராப்' வெறும் மிக்ஸ்டேப்தானே, எந்தக் கம்பெனியும் வெளியிடாத அதை ஏன் பெரிய ஆல்பங்களுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார்கள்? இலவசமாகக் கிடைத்ததால் வந்த புகழா?

இலவசம் என்பது கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். அதே வருடம், மிக்ஸ்டேப்களுக்கான அதே டேட்பிஃப் தளத்தில், அதே மாதிரி காசு வாங்காமல் குவியல் குவியலாக மிக்ஸ்டேப்கள் வந்தன. அதில் முக்கால்வாசியின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. இதை மட்டும் இன்னும் பேசுகிறோம் என்றால் காரணம் பாட்டுக்குள்ளேதான் இருக்கிறது. நான் இதை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 'வெறும் மிக்ஸ்டேப்' என்ற விஷயம். மிக்ஸ்டேப் என்றால் ஆல்பத்துக்கு ஒரு படி கீழே என்று நினைப்பது இயல்புதான், ஆனால் அந்தச் சொல்லின் பொருள் நாலைந்து தடவை மாறிவிட்டது. ஆரம்பத்தில் நியூயார்க் பார்ட்டிகளில் டிஜேக்கள் போட்டதை கேசட்டில் பதிந்து கைக்குக் கை மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் டிஜேக்களே புதுப் பாட்டுகளைத் தொகுத்துத் தெருவில் விற்றார்கள். 2002 வாக்கில் 50 சென்ட் மாதிரி ஆட்கள் அடுத்தவர் பீட்டை (வரிகளுக்கு அடியில் ஓடும் இசையை) எடுத்து அதன் மேல் தங்கள் வரிகளைப் போட்டு வெளியே விட, லில் வெய்ன் அதே வழியில் போய் ஆல்பங்களைவிட மிக்ஸ்டேப்புக்காகவே ஜனங்கள் காத்திருக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். பீட்டுக்கு அனுமதி வாங்காததால் சட்டப்படி இதை விற்க முடியாது. ஆனால் விளம்பரம் சும்மா கிடைக்கிறதே என்று லேபிள்கள், அதாவது இசைக் கம்பெனிகள், கண்டும் காணாமல் இருந்தன. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில், மிக்ஸ்டேப் தொகுத்து வெளியிட்ட டிஜே டிராமாவின் ஸ்டுடியோவில் போலீஸ் புகுந்து அவரைக் கைது செய்து, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிடிக்களை அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு சிடியை அச்சடித்து விற்க யாருக்குத் தைரியம் வரும்? எல்லாம் இணையத்துக்குப் போனது. 2009இல் டிரேக் தன் 'சோ ஃபார் கான்' மிக்ஸ்டேப்பை இலவசமாக விட்டு, அதை வைத்தே லேபிள் ஒப்பந்தம் வாங்கினார். அதாவது அப்போதைய கணக்கு, மிக்ஸ்டேப் என்பது லேபிளுக்குப் போகும் ஏணி. ஏறியதும் ஏணியை விட்டுவிடலாம்.

சான்ஸ் அந்த ஏணியில் ஏறிப்போய் லேபிள் வாசலில் நிற்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இயற்பெயர் சான்சலர் பென்னட். 1993 ஏப்ரலில் பிறந்தவர், சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் வெஸ்ட் சாத்தம் என்ற பகுதியில் வளர்ந்தவர். அப்பா அரசியல் வட்டாரத்தில் வேலை செய்தவர், சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டனிடமும் பிறகு செனட்டராக இருந்த ஒபாமாவிடமும் பணியாற்றியிருக்கிறார். பையன் படித்தது நகர மையத்தில் ஸ்டேட் தெருவில் இருக்கும் ஜோன்ஸ் காலேஜ் பிரெப் பள்ளியில். கடைசி வருடம் கஞ்சாவோடு பிடிபட்டுப் பத்து நாள் சஸ்பெண்ட் ஆனார். அந்தப் பத்து நாளில் ஆரம்பித்த பாட்டுகள்தான் 2012 ஏப்ரலில் '10 டே' என்ற முதல் மிக்ஸ்டேப்பாக வந்தன.

பள்ளியிலிருந்து அதே ஸ்டேட் தெருவில் நாலு எட்டு நடந்தால் நகர மைய நூலகம். ஹெரால்ட் வாஷிங்டன் பெயரைத் தாங்கிய கட்டடம், அதாவது அப்பாவின் பழைய முதலாளி பெயர். அங்கே பதின்வயதுப் பிள்ளைகளுக்காக 'யூமீடியா' என்று ஒரு இடம் வைத்திருந்தார்கள். மைக், கணினி, ஒலிப்பதிவு வசதி எல்லாம் உண்டு, காசு கிடையாது. மைக் ஹாக்கின்ஸ் என்ற கவிஞர், எல்லோருக்கும் 'பிரதர் மைக்', அங்கே ஓபன் மைக் நடத்தினார். பிள்ளைகள் வரிசையில் நின்று எழுதியதைப் படிப்பார்கள், ராப் செய்வார்கள், சொதப்புவார்கள், அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். சான்ஸ் அங்கே தேறியவர். நோநேம் என்று இன்று நாம் அறிந்த ராப்பரும் அங்கே வந்தவர்தான். இலவசம், இலவசம் என்று பேசுகிறோமே, அதன் வேர் இந்த நூலகத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். காசு கேட்காத மைக்கில் பாடக் கற்றுக்கொண்ட பையன் காசு கேட்காமல் பாட்டைக் கொடுத்தான்.

2013 ஏப்ரல் 30 அன்று 'ஆசிட் ராப்' வந்தது. பதின்மூன்று ட்ராக். அட்டையை வரைந்தவர் பிராண்டன் ப்ரூ: பின்னால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக வானம், டை-டை பனியன் போட்ட சான்ஸ் நேராக நம்மைப் பார்க்கிறார். பெயரில் உள்ள 'ஆசிட்' எல்எஸ்டி போதைமருந்துதான், அவரே அதை மறைக்கவில்லை, ஆனால் ஆசிட் ஜாஸ் என்ற இசை வகையும் அதில் கலந்திருக்கிறது. கேட்டால் தெரியும். ட்ரம்பெட், பியானோ, தேவாலயக் கோரஸ், பழைய சோல் பாட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த சாம்பிள்கள், முதல் பாட்டிலேயே சிகாகோவுக்கே உரிய 'ஜூக்' நடன இசையின் வேகம், எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகிறது. இதற்கு நடுவே சான்ஸின் குரல். மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு குரல், பேச்சிலிருந்து பாட்டுக்கும் பாட்டிலிருந்து கத்தலுக்கும் சொல்லாமல் தாவும், இடையிடையே ஏதோ பறவை கிறீச்சிட்ட மாதிரி ஒரு ஒலி. முதல் தடவை கேட்பவர்களுக்கு அந்தக் கிறீச்சு எரிச்சலாகவே இருக்கலாம். எனக்கு மூன்றாவது பாட்டில் பழகிவிட்டது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். இரண்டாவது ட்ராக், 'புஷா மேன்'. தோளை ஆட்டவைக்கிற, கொஞ்சம் அலட்டலான பாட்டு, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடி நின்றுவிடும். அதன்பிறகு மௌனம். ஏறக்குறைய முப்பது நொடி. ஒரு சத்தமும் இல்லை. நான் முதலில் கேட்டபோது பாட்டு முடிந்துவிட்டது, ஃபைலில் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்ததற்குத் தள்ளிவிட்டேன். இப்படியே இரண்டு வாரம். ஒரு நாள் இரவு பஸ்ஸில் போன் பைக்குள் கிடக்க, ஹெட்போன் காதில் இருக்க, எடுத்துத் தள்ளச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். மௌனம் முடிந்து, நோசாஜ் திங் என்ற இசைத் தயாரிப்பாளர் செய்த பீட் ஒன்று மங்கலாக, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி எழுந்தது. அதே ட்ராக்குக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பாட்டு, பெயர் 'பாரனோயா'.

ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த அதே பையன்தான், குரல் மட்டும் இறங்கிவிட்டது. கோடை வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் சாகிறார்கள், வசந்தம் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று கடவுளைக் கேளுங்கள் என்கிறார். சிகாகோவில் பனிக்காலம் முடிந்து வெயில் வந்ததும் ஜனம் தெருவுக்கு வரும், துப்பாக்கியும் தெருவுக்கு வரும். 2012இல் மட்டும் அந்த ஊரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கொலைகள். கூட்டமான கடற்கரை எனக்குப் பிடிக்காது, வாணவேடிக்கைச் சத்தம் பிடிக்காது என்கிறார். இருபது வயதுப் பையனுக்குக் கடற்கரையும் பட்டாசும் ஏன் பிடிக்காமல் போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். இங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதைவிடத் துப்பாக்கி கிடைப்பது எளிது என்று ஒரு வரி. டிவி செய்தி வாசிப்பவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று இன்னொரு வரி. கோரஸில் நம்மைப் பார்த்தே பேசுகிறார்: நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், எங்களுக்கும் பயமா என்று ஒரு தடவை கேட்டுப்பாருங்களேன்.

கறுப்பினப் பையன்களைப் பார்த்து ஊர் பயப்படுகிறது, அந்தப் பையன்களின் பயத்தை யாரும் கேட்பதில்லை. இதை ராப்பில் பலர் சொல்லியிருக்கிறார்கள், கோபத்தோடு சொன்னவர்கள்தான் அதிகம். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒரு ராப்பர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதையும் முன்னால் நிறுத்திக் காட்டாமல், ஒரு குஷியான பாட்டுக்கும் முப்பது நொடி வெறுமைக்கும் பின்னால் ஒளித்துவைத்தார். பொறுமையாக இருந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். அப்புறம் டேப்பில் வரும் ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் அந்தப் பயம் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் கேட்காமல் இருக்க முடியாது.

அடுத்து வரும் 'கோகோ பட்டர் கிஸ்ஸஸ்'தான் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் கோகோ பட்டர் பூசுவது அன்றாடம், அம்மா, பாட்டி கட்டிக்கொண்டால் வருகிற வாசம் அது. பாட்டு என்ன சொல்கிறது என்றால், இவன் மேல் சிகரெட் நாற்றம், அம்மா கிட்டே வருவதில்லை. பாட்டி கட்டிக்கொள்ள வேண்டுமே என்பதற்காகச் சிவந்த கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு போகிறான். இந்தச் சொட்டுமருந்து விஷயம் என்னை எப்போதும் ஒரு மாதிரி ஆக்கிவிடும். வளர்ந்துவிட்டேன் என்று காட்டவும் வேண்டும், பழைய அணைப்பும் வேண்டும். கூடப் பாடுபவர்கள் விக் மென்சாவும் சிகாகோவின் மூத்த ராப்பர் ட்விஸ்டாவும். ட்விஸ்டா தன் வேகத்துக்குப் பெயர்போனவர், ஊரின் முந்தைய தலைமுறை வந்து தோளில் கைபோட்ட மாதிரி இருந்தது.

'லாஸ்ட்' பாட்டில் நோநேமின் வெர்ஸ் வருகிறது, அவர் பெயர் வெளியூர்க்காரர்கள் காதில் விழுந்ததே அதில்தான் என்று சொல்லலாம். 'எவ்ரிபடிஸ் சம்திங்'கில் ராப்பர் சபா. இவர்கள் பிற்பாடு தனித்தனியாக நல்ல வேலைகள் செய்தார்கள். ஒரு டேப்பின் வரவேற்பு என்றால் விமர்சகர்கள் போட்ட மதிப்பெண் மட்டுமில்லை, அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்பதும் சேர்த்துத்தான்.

சரி, மதிப்பெண்ணுக்கே வருவோம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வருடக் கடைசிப் பட்டியல்களில் லேபிள் ஆல்பங்களோடு சேர்த்துப் போட்டார்கள். டேட்பிஃப்பில் பதிவிறக்கம் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கோடையிலேயே ராப்பர் மேக் மில்லரின் சுற்றுப்பயணத்தில் சேர்ந்து பாடினார், சொந்த ஊரில் லொல்லபலூசா இசைவிழா மேடை ஏறினார். இதைவிட எனக்கு ருசியான செய்தி வேறு. 2013 ஜூலையில் 'ஆசிட் ராப்' பில்போர்ட் பத்திரிகையின் ராப் மற்றும் ஆர்&பி ஆல்பப் பட்டியலில் 63ஆவது இடத்தில் வந்து உட்கார்ந்தது. விற்பனைக்கே வராத ஒன்று விற்பனைப் பட்டியலில் எப்படி வரும்? சான்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ அந்த இலவச டேப்பைத் தூக்கி ஐடியூன்ஸிலும் அமேசானிலும் விலைபோட்டு விற்றுவிட்டார்கள், ஜனங்களும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்! சும்மா கிடைக்கிறது என்று தெரியாமல் வாங்கியவர்களும் இருப்பார்கள், தெரிந்தே காசு கொடுக்க நினைத்தவர்களும் இருப்பார்கள். 'இலவசம் என்பதால்தான் புகழ்' என்கிறவர்களுக்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

வரவேற்பில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு பகுதியும் உண்டு. அதே சமயம் சிகாகோவில் 'டிரில்' என்ற வகை பெரிதாகிக்கொண்டிருந்தது. சீஃப் கீஃப் மாதிரி சின்னப் பையன்கள், இருண்ட பீட், துப்பாக்கிப் பேச்சு. பத்திரிகைகள் பலவும் சான்ஸை அதற்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, இவன் நல்ல பிள்ளை, அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்ற ரீதியில் எழுதின. இது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். அவர்கள் பாடியதும் அதே தெருக்கள், அதே கோடை. சான்ஸே அவர்களைத் தள்ளிவைத்துப் பேசியவர் இல்லை, 'பாரனோயா'வில் அவர் 'எங்களுக்கும்' என்று சொல்லும்போது அதில் அந்தப் பையன்களும் அடக்கம் என்றே நான் கேட்கிறேன்.

குறை என்று சொன்னால், 'ஃபேவரிட் சாங்'கில் ஒருபாலீர்ப்புக் கொண்டவர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல் வருகிறது. அப்போதே அதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள், கண்டித்தது சரிதான். மற்றபடி அவ்வளவு உற்சாகமான பாட்டில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கும். அவருடைய தம்பி டெய்லர் பென்னட்டும் ராப்பர், 2017இல் தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் பாட்டைக் கேட்டால் இன்னும் கனமாக இருக்கிறது. இருபது வயதில் எழுதியது என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

பணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கச்சேரி, சட்டை, தொப்பி. லேபிள்கள் தேடி வந்தன, பேசினார், கையெழுத்துப் போடவில்லை. 2016 மே மாதம் 'கலரிங் புக்' வந்தது. முதல் இரண்டு வாரம் ஆப்பிள் மியூசிக்கில் மட்டும், அதற்காக ஆப்பிள் ஐந்து லட்சம் டாலர் கொடுத்தது என்று பிறகு அவரே சொன்னார். விற்பனை இல்லாமல் ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையை மட்டும் வைத்து பில்போர்ட் 200 பட்டியலுக்குள் நுழைந்த முதல் ஆல்பம் அதுதான், எட்டாம் இடம். கிராமி அமைப்பு விற்பனைக்கு வராத இசையைப் பரிசீலிக்காது என்று இருந்த விதியை அதே வருடம் மாற்றியது, 2017 பிப்ரவரியில் சான்ஸ் மூன்று கிராமி வாங்கினார், சிறந்த ராப் ஆல்பம் உட்பட. அடுத்த மாதமே சிகாகோ அரசுப் பள்ளிகளுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். விருதும் பட்டியலும் 'கலரிங் புக்'குக்கு வந்தன, ஆனால் அதைச் செய்ய முடியும் என்று காட்டியது 'ஆசிட் ராப்'தான். இசையாகப் பார்த்தாலும் எனக்கு 'ஆசிட் ராப்' ஒரு படி மேலே. 'கலரிங் புக்'கில் நன்றியும் பக்தியும் நிறைய, அந்தப் பயம் இல்லை.

2019 ஜூலையில் வந்த 'த பிக் டே'வை அவர் முதல் 'ஆல்பம்' என்று அழைத்தார். இருபத்திரண்டு ட்ராக், கல்யாண சந்தோஷம். ரசிகர்கள் கைவிட்டுவிட்டார்கள், இணையத்தில் கிண்டல் தாங்கவில்லை, அதற்கான சுற்றுப்பயணமும் ரத்தானது. நீளமும் தளர்வும் அதன் நிஜமான குறைகள். ஆனால் அதைத் திட்டியவர்கள் பெரும்பாலோர் கையில் வைத்திருந்த அளவுகோல் 'ஆசிட் ராப்' என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த ஆல்பத்துக்குச் சில வாரம் முன்னால், 2019 ஜூன் கடைசியில், 'ஆசிட் ராப்' முதல் தடவையாக அதிகாரபூர்வமாக ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தது. அப்போது நான்காவது ட்ராக்கான 'ஜூஸ்' இருக்கவேண்டிய இடத்தில் பாட்டு இல்லை. டைம்ஸ் ஸ்கொயரில் படமெடுத்த வீடியோவோடு வந்து, டேப்புக்கே முகவரியாக இருந்த பாட்டு அது. சோல் பாடகர் டானி ஹாத்தவே மேடையில் பாடிய ஒரு பழைய பதிவிலிருந்து அதன் சாம்பிள் எடுக்கப்பட்டது, இலவசமாகக் கொடுத்தபோது யாரும் கேட்கவில்லை, தளத்துக்கு வந்து பணம் புரளும்போது அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. பாட்டுக்குப் பதில் அரை நிமிடத்துக்கு சான்ஸின் குரல்: இந்தப் பாட்டை இங்கே வைக்க முடியவில்லை, ஆனால் இந்த ட்ராக்கில் வரும் வருமானம் எல்லாம் சோஷியல்வொர்க்ஸ் என்ற தன் தொண்டு அமைப்புக்குப் போகும் என்கிறார். உடனே ரசிகர்கள் அந்த அரை நிமிடப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓடவிட ஆரம்பித்தார்கள். இலவச மிக்ஸ்டேப்பில் எது சாத்தியம், விற்கும் ஆல்பத்தில் எது சாத்தியமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

2023 ஆகஸ்டில், பத்தாம் ஆண்டுக்காக, சிகாகோ யுனைடெட் சென்டரில் முழு டேப்பையும் மேடையில் பாடினார். நூலகத்து ஓபன் மைக்கில் வரிசையில் நின்றவர், கூடைப்பந்து அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால். பிரதர் மைக் அதைப் பார்க்க இல்லை, 2014 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அவர் போன பிறகு சான்ஸ் சிகாகோவின் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓபன் மைக் நடத்த ஆரம்பித்தார், அதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேட்கப்போகிறீர்கள் என்றால் ஷஃபிள் போடாதீர்கள், வரிசையாக ஓடவிடுங்கள். இரண்டாவது ட்ராக்கில் சத்தம் நின்றதும் கை தானாகப் போனுக்குப் போகும், எடுக்காதீர்கள். கடைசிப் பாட்டு வரைக்கும் போங்கள். அது அப்பாவும் பிள்ளையும் போனில் பேசிக்கொள்வதில் ஆரம்பிக்கும், பிள்ளை அப்பாவுக்கு நன்றி சொல்கிறான், அதன் பிறகுதான் ட்ரம்ஸ் வருகிறது.